ரத்து முத்திரை குத்திய பன்னிரண்டாம் தாள்

என் தங்கையை வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘ஸ்கேல்’ என்றுதான் கூப்பிடுவோம். ஐந்தாம் வகுப்பில் பரிசாகக் கிடைத்த முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலை அவள் பள்ளிக்கூடத்தில் தொட்டதைவிட வீட்டில் தொட்டதுதான் அதிகம். கட்டில், ஜன்னல், அம்மாவின் காலடி என்று எதையும் விடமாட்டாள். ஃபிரிட்ஜ் வாங்கப் போனபோது கடைக்காரர், “தாராளமா உள்ள போகும்மா” என்றார். இவள் தலையை ஆட்டி, “கதவுல கைப்பிடி இருக்குல்ல, ரெண்டு சென்டிமீட்டர் இடிக்கும்” என்றாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. கைப்பிடியைக் கழற்றித்தான் ஃபிரிட்ஜை உள்ளே ஏற்றினோம்.

அப்படிப்பட்டவளும் ஒரு தப்புச் செய்தாள். இது அந்தத் தப்பைப் பற்றி.

அவளுக்கு இப்போது இருபத்தாறு வயது. கட்டட வரைபடம் தயாரிக்கும் அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறாள். அந்த அலுவலகம் மூன்றாம் மாடியில் இருக்கிறது. அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் பெரிய தாள்களை அச்சடிக்கும் கடையில் நான் இருக்கிறேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு இந்தக் கடையில் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. மேலே அவள் வரைவது கீழே என் மெஷினில் வெளியே வரும். நான் அதை எட்டாக மடிப்பேன். எப்படி மடித்தாலும் வலது மூலையில் உள்ள தாள் எண் மேலே தெரிய வேண்டும். அது தெரியாத மடிப்பு எனக்கு மடிப்பே இல்லை.

அந்த எண்களைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாம் தாள் என்றால் அதில் பத்துச் சிறு படங்கள் இருக்கும். படிக்கட்டு இப்படி, சன்ஷேடு இப்படி, பால்கனிக்குள் கம்பி இப்படி என்று ஒவ்வொன்றும் பெரிதாக்கிக் காட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு படத்துக்குக் கீழும் ஒரு வட்டம், அதற்குள் ஓர் எண். மாடி முழுவதையும் காட்டும் பிளான் வேறு தாளில் இருக்கும். அந்தப் பிளானில் பால்கனியின் மேல் ஒரு வட்டம் போட்டு, மேல்பாதியில் 7, கீழ்பாதியில் 12 என்று எழுதியிருப்பார்கள். ‘பன்னிரண்டாம் தாளில் ஏழாம் படத்தைப் பார்’ என்று அர்த்தம். சைட்டில் கம்பி கட்டுகிறவருக்கு அந்த வட்டம்தான் வழிகாட்டி.

அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு மேனேஜர் வந்தார். பன்னிரண்டாம் தாளில் எண்கள் தாறுமாறாக இருப்பதைப் பார்த்து முகம் சுளித்தார். இடையில் நீக்கிய படங்களின் எண்களை அங்கே யாரும் திரும்பப் பயன்படுத்துவதில்லை. அதனால் ஒன்று, இரண்டு, பிறகு ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று, அப்புறம் பதின்மூன்று என்று போகும். “என்னம்மா இது, பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு? இடமிருந்து வலமா ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் ஒழுங்கா போட்டுடு” என்றார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் அதைச் செய்து முடித்தாள். அன்று சாயங்காலம் சமையலறையில் நின்றுகொண்டு எனக்கு விளக்கம் வேறு சொன்னாள்.

“ஒரே தாள்ல ரெண்டு ஏழு இருந்தா சாஃப்ட்வேர் ஒத்துக்காதுக்கா. அடம் பிடிக்கும். இந்த டப்பாவையும் அந்த டப்பாவையும் இடம் மாத்தணும்னா நீ என்ன பண்ணுவ?”

“ஒண்ணைத் தூக்கித் தரையில வைப்பேன்.”

“அதேதான். பழைய ஏழை முதல்ல நூத்தி ஏழுன்னு ஆக்கிடுவேன். அது தரையில வச்ச மாதிரி. அப்புறம் பதின்மூணைக் கொண்டுவந்து ஏழுல வைப்பேன். தரையில இருக்கிற நூத்தி ஏழை எடுத்து நாலுல வைப்பேன். இதுல சூப்பர் என்னன்னா, நான் இங்க ஒரு நம்பரை மாத்தினா, எந்தெந்த பிளான்ல அந்த வட்டம் இருக்கோ அங்கெல்லாம் அதுவாவே மாறிடும். நான் தொடவே வேண்டாம்!”

“நீ தொடாமலே மாறுமா?”

“ஆமா!”

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கும் பெருமைதான். அதில் சங்கடம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று இரண்டு பேருக்குமே அப்போது தெரியவில்லை.

மறுநாள் அவள் எனக்கு அச்சு லிஸ்ட் அனுப்பினாள். அதில் ஒரே ஒரு தாள்தான் இருந்தது, பன்னிரண்டு. அவள் கை வைத்தது அந்தத் தாளில் மட்டும்தானே. மூன்று பிரதி அடித்து, மடித்து, சைட்டுக்கு அனுப்பினேன். புதுத் தாள் போனால் பழைய தாள் திரும்பி வந்துவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். இரண்டும் சைட்டில் கிடந்தால் யாராவது பழையதைப் பார்த்துக் கட்டிவிடுவார்கள். வியாழக்கிழமை பழைய பன்னிரண்டு மூன்றும் வந்து சேர்ந்தன. சிவப்பு மையில் ‘ரத்து’ என்று நானே முத்திரை குத்தினேன். இரண்டைக் கிழித்துப் போட்டேன். மூன்றாவது நல்ல கெட்டித் தாளாக இருந்ததால் வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சமையலறை அலமாரியின் இரண்டாம் தட்டில் விரித்தேன். எங்கள் அலமாரி முழுவதும் அப்படிப்பட்ட தாள்கள்தான்.

சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை. காலை எட்டு மணி பத்து நிமிஷம். உப்பு டப்பாவை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். டப்பா கையிலேயே இருக்கிறது, மூடியைத் திறக்கவில்லை.

“அக்கா, இது எந்தத் தாள்?”

“உன் பழைய பன்னிரண்டு. ஏன்?”

டப்பா இருந்த இடத்தில் எண்ணெய் வட்டம் ஒன்று. அதற்குள் பால்கனிப் படம். அதன் கீழே 7.

“சைட்ல இருக்கிற பிளான் தாளை நீ மாத்தலையா?”

“லிஸ்ட்ல பன்னிரண்டு மட்டும்தானே இருந்துச்சு.”

அவள் டப்பாவை மெதுவாகக் கீழே வைத்தாள். அவள் வாய்விட்டுச் சொல்லச் சொல்லத்தான் எனக்கும் புரிந்தது. கம்ப்யூட்டருக்குள் எல்லாம் சரியாக இருந்தது. அங்கே பால்கனி இப்போது நான்கு. பிளானிலும் நான்கு என்று தானாகவே மாறிவிட்டது. ஆனால் சைட்டில் தொங்குவது போன மாதம் அடித்த பிளான். காகிதம் தானாக மாறாது. அதில் பால்கனியின் மேல் இன்னும் ஏழு என்றுதான் இருக்கிறது. அவர்கள் புதுப் பன்னிரண்டாம் தாளைத் திறந்து ஏழைப் பார்ப்பார்கள். அங்கே இருப்பது சன்ஷேடு. ஜன்னலுக்கு மேல் ஒரு முழம் நீளும் சின்னப் பலகை அது, மெல்லிய கம்பி போட்டது. பால்கனியோ ஒன்றரை மீட்டர் வெளியே நீண்டிருப்பது. அதில் ஆள் நிற்பார்கள், நாற்காலி போடுவார்கள், குழந்தைகள் ஓடுவார்கள்.

“இன்னைக்கு மூணாவது மாடிக்குக் கான்கிரீட் ஸ்லாப் போடுறாங்கக்கா. ஒம்பது மணிக்கு.”

சைட் எஞ்சினியருக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. மேனேஜரின் போன் அணைந்திருந்தது. மறுபடி எஞ்சினியர். மறுபடியும் அடித்துக்கொண்டே இருந்தது. நான் டப்பாக்களை எல்லாம் இறக்கி, தாளை உருவிச் சுருட்டினேன்.

“ஒரு வாய் தண்ணியாவது குடிச்சிட்டுப் போங்கடி!” என்று அம்மா பின்னாலேயே வாசல்வரை வந்தாள்.

என் ஸ்கூட்டரில் போனோம். நான் நாற்பதுக்கு மேல் ஓட்டியதே இல்லை. அன்றும் முள் நாற்பதிலேயே நின்றது.

“அக்கா, பால் கேனா கட்டியிருக்கோம், சிந்துறதுக்கு? முறுக்கு!”

“விழுந்தா யாரு போய் நிறுத்துவா? வாயை மூடிட்டு உட்காரு.”

முதுகுக்குப் பின்னால் அவள் போனில் அதே எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்துவது எனக்குக் கேட்டது. பாலத்துக்கு முன்னால் சிவப்பு விளக்கு. எங்களுக்கு முன்னால் கான்கிரீட் கலக்கும் மிக்சர் வண்டி ஒன்று நின்றது. அதன் வயிறு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் எழுதியிருந்த பெயரைப் பார்த்தவள் என் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

“நம்ம சைட்டுக்குத்தான் போகுது.”

விளக்கு மாறியது. முள் ஐம்பத்தைந்தைத் தொட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மிக்சர் வண்டியை முந்தினேன்.

எட்டு ஐம்பத்திரண்டுக்குச் சைட் வாசலை அடைந்தோம். கான்கிரீட்டை மேலே ஏற்றும் பம்ப் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. முதல் வண்டி சீக்கிரமே வந்துவிட்டதாம். வாட்ச்மேன் அவள் காலைப் பார்த்தார். ரப்பர் செருப்பு.

“ஷூ இல்லாம மேல விடமாட்டேன்மா.”

அவள் வாதாடவில்லை. அங்கேயே கிடந்த பழைய ஷூக்களில் காலை நுழைத்தாள். இரண்டும் இடது கால். நான் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே பின்னால் ஓடினேன்.

மூன்றாம் மாடிக்கு ஏறினால் பலகைமேல் கண்ணுக்கெட்டிய வரை கம்பி வலை. தூரத்துக் கோடியில் குழாய் குமுறிக் குமுறிக் கான்கிரீட்டைத் துப்புகிறது. அது எங்கள் பக்கமாக நகர்ந்து வந்துகொண்டிருந்தது. பால்கனிகள் இந்தப் பக்கம்.

கம்பி மேஸ்திரி அவளைப் பார்த்துச் சிரித்தார். “என்னம்மா, சமையல்கட்டுலேர்ந்து அப்படியே கிளம்பி வந்துட்டியா? கையில என்ன, தோசைக்கல்லுக்கு அடியில வச்ச பேப்பரா?”

“அண்ணே, பால்கனிக்கு எத்தனை எம்எம் கம்பி போட்டீங்க?”

“எட்டு. கீழ ரெண்டு மாடிக்கும் பன்னிரண்டு போட்டேன். இப்ப புதுத் தாள் வந்திருக்கு, மாத்திட்டாங்கன்னு சார் சொன்னாரு. எனக்கு ஒரு மாதிரியாதான் இருந்துச்சு. பேப்பர் சொல்றதைத்தானே நாங்க கட்ட முடியும்?”

அவள் திரும்பி எஞ்சினியரிடம் நடந்தாள். நடை என்றால் கம்பிகளுக்கு இடையில் கால் வைத்து வைத்து, அந்த இரண்டு இடது ஷூக்களோடு.

“சார், பம்ப்பை நிறுத்துங்க. பால்கனி கம்பி தப்பு.”

“யாரு சொன்னது?”

“நான்தான் சொல்றேன். புதுத் தாள்ல பால்கனி ஏழு இல்ல, நாலு. பழைய தாளைப் பாருங்க.”

அவர் தாளை விரித்தார். முதலில் எண்ணெய் வட்டங்களைப் பார்த்தார். அடுத்ததாகச் சிவப்பு முத்திரை அவர் கண்ணில் பட்டது. நான் குத்திய முத்திரை.

“ரத்துன்னு குத்தின தாளைக் கொண்டுவந்து காட்டி என் ஸ்லாபை நிறுத்தச் சொல்றியா? இங்க பாரு, புதுத் தாள், உன் ஆபீஸ் கையெழுத்து. ஏழு. வெளி நீட்டு ஸ்லாப். எட்டு எம்எம். நீளம் பிளான்படி. இதுல என்ன தப்பு?”

இரண்டு படத்துக்கும் தலைப்பு ஒன்றுதான். ‘வெளி நீட்டு ஸ்லாப்.’ நீளத்தையும் படத்தில் எழுதவில்லை. யாராக இருந்தாலும் ஏமாறத்தான் செய்வார்கள்.

“வண்டி ஒண்ணு கீழ நிக்குது, இன்னொண்ணு வருது. கான்கிரீட் எனக்காகக் காத்திருக்காதும்மா. திங்கட்கிழமை ஆபீஸ்ல பேசிக்கோ” என்று அவர் திரும்பினார். குழாய் இன்னும் நெருங்கி வந்தது. இரைச்சலில் அவள் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. கத்தப் போகிறாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. ஓரத்துச் சாரக்கம்பில் தொங்கிய பிளானை எடுத்து அவர் முன் நீட்டினாள்.

“சார், ஒரே ஒரு கேள்வி. இந்த பிளான்ல சன்ஷேடுக்கு என்ன நம்பர் போட்டிருக்கு?”

“அது அப்புறம் போடுறது. இப்ப எதுக்கு?”

“படிங்க சார்.”

“பதின்மூணு. பன்னிரண்டாம் தாள்.”

“உங்க புதுத் தாள்ல பதின்மூணைக் காட்டுங்க.”

அவர் தாளில் விரலை ஓட்டினார். எட்டு, ஒன்பது, பத்து. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. தாளைத் திருப்பிக்கூடப் பார்த்தார்.

“பதின்மூணு இல்லையே…”

“அதான் சார் இப்ப ஏழு ஆயிருக்கு. நீங்க பால்கனிக்குக் கட்டியிருக்கிறது சன்ஷேடு கம்பி. நான் நம்பரை மாத்தினேன், பிளானை உங்களுக்கு அனுப்பாம விட்டுட்டேன். என் தப்பு.”

மேஸ்திரி முந்திக்கொண்டார். “நேத்தே கேட்டேன்ல சார்?” அதோடு நிற்காமல் குழாய் பிடித்திருந்தவர்களைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். எஞ்சினியர் அதைத் தடுக்கவில்லை. பம்ப் நின்றது. திடீரென்று வந்த அந்த அமைதி எனக்குப் பயமாக இருந்தது.

அதற்குப் பிறகும் நெருக்கடி தீரவில்லை. பால்கனிக் கம்பி பால்கனியோடு முடியாது. உள்ளே ஸ்லாபுக்குள்ளும் நீண்டு போய்ப் பிடித்துக்கொண்டால்தான் வெளியே நீட்டியது தாங்கும். அந்த இடத்தைக் கான்கிரீட் தொட்டிருந்தால் எல்லாம் வீண். மேஸ்திரி டேப்பைப் பிடித்து உள்ளே அளந்து சாக்பீஸால் கோடு போட்டார். கான்கிரீட்டின் விளிம்புக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவில் இருந்தது என் ஸ்கூட்டர் நீளம்கூட இல்லை.

கட்டடத்துக்குக் கம்பிக் கணக்குப் போட்ட இன்னொரு எஞ்சினியரைப் போனில் பிடித்து எங்கே நிறுத்தலாம் என்று கேட்டார்கள். அவர் சொன்ன இடத்தில் குறுக்கே பலகை அடித்தார்கள். அதுவரை மட்டும் நிரப்பினார்கள். நாங்கள் முந்தி வந்த வண்டி வந்த வழியே திரும்பிப் போனது. சைட் எஞ்சினியர் என் தங்கையோடு பேசவே இல்லை. போகும்போது மட்டும் அவள் காலைப் பார்த்து, “ரெண்டும் இடது காலு” என்றார்.

மேஸ்திரி எண்ணெய்த் தாளைத் திருப்பித் தரவில்லை. “இது இங்கயே இருக்கட்டும். உங்க ஆபீஸ் தாளைவிட உங்க அலமாரித் தாள் நல்லா வேலை செய்யுது.”

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவள் சாப்பிட்டும் சாப்பிடாமலும் உட்கார்ந்திருந்தாள். திங்கட்கிழமை என்ன நடந்தது என்று எழுதித் தர வேண்டும். அடுத்த மாதம் அவளை டீம் லீடர் ஆக்குவதாகப் பேச்சு இருந்தது. நான் இரண்டு தரம் யோசித்துவிட்டுச் சொன்னேன்.

“கடையில பிளானை அடிக்க மறந்துட்டாங்கன்னு எழுதிடு. நான் ஆமான்னு சொல்லிடுறேன். எங்க முதலாளி ரெண்டு நாள் திட்டுவாரு, அவ்வளவுதான்.”

அவள் என்னை முறைத்தாள். “உன் லிஸ்ட்ல ஒரு தாள்தான் இருந்துச்சு. நீ ஒரு தாள்தான் அடிச்ச. இருபத்திரண்டு வருஷத்துல நீ ஒரு தாள் விட்டிருக்கியாக்கா?”

“இல்ல.”

“அப்ப பேசாம இரு.”

மறுநாள் மேனேஜரும் அதையேதான் சொன்னாராம். “பிரிண்ட் கடையில விட்டுட்டாங்கன்னு ஒரு வரி போட்டா முடிஞ்சுது, பெரிசா ஆக்காத.” அந்தக் கடையில் இருப்பது அவளுடைய அக்கா என்று அவருக்குத் தெரியாது. அவள் நான்கு வரி எழுதினாள். அந்தத் தாளை நான் பார்த்திருக்கிறேன். ‘நான் பன்னிரண்டாம் தாளில் எண்களை மாற்றினேன். அதனால் ஆறு பிளான்களில் எண்கள் மாறின. அந்த ஆறையும் அச்சு லிஸ்டில் நான் சேர்க்கவில்லை. அச்சகத்தில் பிழை எதுவும் இல்லை.’

டீம் லீடர் பதவி வேறொருவருக்குப் போனது. மூன்று மாதம் அவள் அனுப்பும் எந்த லிஸ்டையும் இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. அவள் மறுநாளே லிஸ்டைக் கையெழுத்துக்கு நீட்டினாள். என் மனசுதான் ஆறவில்லை. மாடியேறிப் போய் நாலு வார்த்தை கேட்கலாமா என்று இரண்டு தடவை படிவரை போய்த் திரும்பினேன்.

புதன்கிழமை பால்கனிகளுக்குப் பன்னிரண்டு எம்எம் கம்பி கட்டினார்கள். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அவள் போய் ஒவ்வொன்றாக எண்ணினாள். அதற்கு மறுநாள் கான்கிரீட் போட்டார்கள். பழைய எண்களையே திரும்பப் போட்டுவிடலாமா என்று மேனேஜரே கேட்டிருக்கிறார். அவள் மறுத்துவிட்டாள். இன்னொரு தடவை மாற்றினால் இன்னொரு தடவை குழம்பும் என்றாள். அதற்குப் பதிலாக இப்போது எந்த எண்ணை மாற்றினாலும் அது எந்தெந்தத் தாளில் வருகிறது என்று முதலில் சாஃப்ட்வேரிடம் கேட்டு எழுதி, அந்தக் குறிப்பையும் லிஸ்டோடு எனக்கு அனுப்புகிறாள். நான் தாள்களை எண்ணி, குறிப்போடு ஒப்பிட்டு, அப்புறம்தான் மடிக்கிறேன்.

முட்டுப் பலகைகளைப் பிரித்த மறுவாரம், என்னையும் சைட்டுக்குக் கூட்டிப் போனாள். இந்தத் தடவை சொந்த ஷூ. மூன்றாம் மாடிப் பால்கனியில் இன்னும் கைப்பிடிச் சுவர் எழும்பவில்லை, கயிறு மட்டும் கட்டியிருந்தார்கள். நான் கதவு வைக்கும் இடத்தைத் தாண்டவில்லை.

“வாக்கா.”

“இங்கேர்ந்தே தெரியுது.”

“என்ன தெரியுது? வந்து இதைப் பிடி.”

டேப்பின் நுனியை என் கையில் கொடுத்தாள். நான் உட்கார்ந்து அதைச் சுவரின் அடியில் வைத்து அழுத்திப் பிடித்தேன். அவள் பின்னோக்கி அடி அடியாக நடந்து கயிறுவரை போனாள். கீழே மேஸ்திரி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

“எவ்வளவு?” என்று அங்கிருந்தே கத்தினார்.

அவள் குனிந்து படித்தாள். “நூத்தம்பது சென்டிமீட்டர்!”

நான் டேப்பை விடவில்லை. அவள் திரும்ப உள்ளே வந்து சேரும்வரை பிடித்துக்கொண்டே இருந்தேன்.